பதினான்காம் எண் நாற்காலி

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். டம்ளர் என்றால் டீயைக் குடித்து முடித்த கையோடு. கல்யாணப் பத்திரிகை என்றால் பிரிப்பதற்கு முன்பே, எந்த அச்சகம் என்று. எங்கள் கல்லூரியின் ஸ்டோர் கீப்பர் அவர். கோட்டைப்பட்டினத்துக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவார்கள். அதையே முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் நாங்களும் பிடித்துக்கொண்டோம். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனாலும் எனக்கும் ராத்தாதான்.

நான் வரலாற்றுத் துறையில் சேர்ந்த அன்று, கீரனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, புதுப் பட்டுச்சேலை கசங்கி, பெரிய வரவேற்பு இருக்கும் என்ற நினைப்போடு வந்து இறங்கினேன். துறையில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்காரப் போனபோது ஒரு குரல் தடுத்தது.

"கொஞ்சம் நில்லுங்க மேடம்."

நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டினார். கீழே வெள்ளை பெயின்டில் ஓர் எண்.

"இது கெமிஸ்ட்ரி நாற்காலி. இங்கிட்டு எப்படி வந்துச்சு?"

எனக்குரிய நாற்காலி எது என்று கண்டுபிடிக்கும் வரை அரைமணி நேரம் நின்றேன். வந்ததும் அதையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இப்ப உக்காருங்க, இது ஒங்களோடது" என்றார். எம்.ஃபில். படித்தவளை நிற்க வைத்துவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஸ்டாக் சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். மற்ற கல்லூரிகளில் ஆசிரியர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். ராத்தாவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. லேபில் இருக்கிற ஸ்டூல் அத்தனையும் குனிந்து அடியில் பார்த்தால்தான் கையெழுத்துக்கு நோட்டு வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் முனகினால், "முன்னாடி இருக்கிறது பாக்குறவுகளுக்கு மேடம். சாமானோட சங்கதி பின்னாடிதான் இருக்கும்" என்பார். சொல்லிவிட்டு அடுத்த ஸ்டூலுக்குப் போய்விடுவார்.

கீரனூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். என் கணவரின் சித்தப்பா பெரிய மனது பண்ணி ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள். ராத்தா அதை வாங்கி வழக்கம்போல் கவிழ்த்தார். அடியில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார்.

"மேடம், இதுல ஒங்க பேரே இருக்கு."

ஐந்து வருடம் முன்பு அந்தச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நானே பெயர் வெட்டிக் கொடுத்த குடம். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடு என்கிற கதையாக என்னிடமே வந்து சேர்ந்திருந்தது. சித்தப்பா பாயசம் வரைக்கும் இருக்கவில்லை. ராத்தாவுக்கோ, தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே இல்லை. நல்ல கனமான குடம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, பஸ் வரவில்லை, ஸ்டோர் ரூமில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். இளவயதில் அவர் கணவர், கூலிங் கிளாஸ் போட்டு, பின்னால் உயர உயரமான கட்டடங்கள்.

"கல்யாணமாகி ஆறாம் மாசம் துபாய் போறேன்னு போனாக. சேந்துட்டேன், நல்ல வேலை, இந்தா போட்டோன்னு அனுப்பி வச்சாக. வீட்டுல எல்லாரும் பாத்துச் சந்தோசப்பட்டாக. நான் திருப்பிப் பாத்தேன்."

நானும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பம்பாயில் உள்ள ஒரு ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப். கட்டடங்கள் எல்லாம் திரைச்சீலையில் வரைந்தவை. ஏஜென்ட் ஏமாற்றிவிட்டான், ஊர் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு மனிதர் அங்கேயே ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணீங்க ராத்தா?"

"யாருகிட்டயும் சொல்லல. அந்த ஸ்டுடியோ மூலமா மச்சானுக்கு மட்டும் கடுதாசி போட்டேன். 'நீங்க இருக்கிற எடம் எனக்குத் தெரியும், வீட்டுக்கு வாங்க'ன்னு. வந்துட்டாக."

கருவாட்டு வியாபாரம் செய்து நன்றாகவே இருந்தார்கள் இருவரும். அந்தப் போட்டோவை ராத்தா கிழிக்கவும் இல்லை, சட்டம் போட்டு மாட்டவும் இல்லை. பையிலேயே வைத்திருந்தார். அன்றிலிருந்து அவர் எதையாவது கவிழ்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

எங்கள் கல்லூரியின் பொன்விழா வந்தபோதுதான் நிறுவனர் படத்தின் விவகாரம் கிளம்பியது. நிறுவனர் திருமயம் பக்கத்து வணிகக் குடும்பத்தவர், பர்மாவில் தொழில் செய்தவர். கட்டடத்தை எழுப்பிவிட்டு, திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பு காலமாகிவிட்டார். அவருடைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று முதல்வர் அறைக்கு வெளியே பெரிய ஹாலில் தொங்கும். சிங்கத்தலை வைத்த கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இடது கை அந்தச் சிங்கத்தின் மேல் இருக்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு சந்தன மாலை போடுவார்கள், பழையதைக் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் ஆகாது என்று எந்த முதல்வர் காலத்திலோ யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரே மாலைக் குவியல்.

யார் வரைந்த படம், எப்போது வரைந்தது என்று பொன்விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதல்வர் என்னைக் கேட்டார். ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் நிறுவனரை எதிரில் உட்கார வைத்து வரைந்தார் என்பது கல்லூரியில் வழிவழியாகச் சொல்லும் கதை. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சிங்கத்தலை நாற்காலி பர்மா தேக்கு என்றும், முகத்தில் வெளிச்சம் விழும் விதமே ஐரோப்பிய முறை என்றும் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். ஆதாரம் என்று ஒரு துரும்பும் கிடையாது. முதல்வர் படித்துவிட்டு, "சரித்திரம்னா இப்படி எழுதணும்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மலருக்காகப் படத்தைப் போட்டோ எடுக்க வேண்டி இறக்கினார்கள். ஏணி ஸ்டோரில் இருந்ததால் ராத்தாவும் கூடவே வந்தார். ஹாலைப் பெருக்கும் அழகம்மாள் மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டாள். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தது அவளுக்கு. படத்தைச் சுவரில் சாய்த்ததும் ராத்தா நேராகப் பின்பக்கம் போனார். பலகை, ஒட்டடை, பல்லி முட்டை. வேறொன்றும் இல்லை.

"நம்பர் இல்லையே" என்றார். அவர் முகம் வாடிவிட்டது. "இத்தனை வருஷமாச் செவத்துல இருக்கு, ஸ்டாக்ல ஏறவே இல்ல பாருங்க."

பிறகு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாலை மறைத்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"மேடம், இங்க வாங்க. படத்துக்குத்தான் நம்பர் இல்ல. படத்துல இருக்கிற நாற்காலிக்கு நம்பர் இருக்கு."

நாற்காலியின் முன்காலில், வெள்ளையில், சின்னதாக 14. ரங்கூனில் எங்கள் கல்லூரி ஸ்டாக் நம்பர் எப்படி இருக்கும்?

ஸ்டோரின் முதல் ரிஜிஸ்டரை எடுத்தார். அட்டை உதிர்ந்து, துணி வைத்துத் தைத்த புத்தகம். பதினான்காம் எண், சிங்கத்தலை வைத்த கை நாற்காலி, கீரமங்கலத்து ஆசாரி செய்தது. கல்லூரி திறந்த இரண்டாம் வருடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் நிறுவனர் காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாற்காலி எங்கே? முதல்வர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க" என்றார் ராத்தா.

முதல்வர் எழுந்தார். ராத்தா நாற்காலியைக் கவிழ்த்தார். அடியிலும் 14, முன்காலிலும் 14. இடதுபக்கச் சிங்கத்துக்கு ஒரு காது சிறுத்திருந்தது, ஆசாரியின் கைத்தவறு. ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். படத்துச் சிங்கத்துக்கும் அதே காது சிறுத்திருந்தது.

"அப்ப இதுல உக்காந்திருக்கிறது யாரு?" என்றார் முதல்வர்.

என் பங்குக்கு நானும் ஒன்று கண்டுபிடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்த 4 ஒரு தினுசாக இருந்தது. அதன் கால் கீழே வந்து இடப்பக்கமாக ஒரு சுழி சுழித்திருந்தது. அதை எங்கேயோ தினமும் பார்க்கிறோமே என்று மண்டையைக் குடைந்தது. வகுப்புக்குப் போகும்போது தலையை நிமிர்த்தினேன். நாலாம் எண் அறையின் கதவுக்கு மேலே, நீலப் பலகையில் அதே சுழி. கல்லூரி தொடங்கியபோது அறைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர்தான் நிறுவனரையும் வரைந்திருக்கிறார். வேறு ஓவியர் என்றால் நாற்காலியில் எழுதியிருந்த எண்ணை விட்டுவிட்டிருப்பார். எண்ணும் எழுத்தும் எழுதியே பிழைத்த மனிதருக்கு, கண்ணில் பட்ட எண்ணை விட மனம் வரவில்லை.

இதை ராத்தாவிடம் ஓடிவந்து சொன்னபோது, அழகம்மாள் மாலைச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"போர்டு எழுத வந்தவருதான் வரைஞ்சாரு மேடம். புதுக்கோட்டைக்காரரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"உக்காந்திருந்தது எங்கப்பா."

அவளுடைய அப்பா கருப்பையா கல்லூரியின் முதல் வாட்ச்மேன். அதற்கு முன்பு மலையில் கல் உடைத்தவர். நிறுவனர் வீட்டில் முகம் மட்டும் தெரிகிற சின்னப் போட்டோ ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. முகத்தை அதைப் பார்த்து வரைந்துவிட்ட ஓவியருக்கு உடம்புக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நிறுவனரின் உயரத்துக்கு இருந்தவர் கருப்பையா. நிறுவனரின் வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் உடுத்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

"மூணு நாளு அசையாம உக்காந்திருந்தாக. நாந்தான் கஞ்சி கொண்டாந்து குடுப்பேன். சம்மட்டி பட்டு எடது கைச் சுண்டு வெரலு மடங்கிப் போச்சு அப்பாவுக்கு. நீட்ட வராது. அந்த மனுசன் அதையும் அப்படியே வரைஞ்சுட்டாரு."

பார்த்தோம். சிங்கத்தலை மேல் இருந்த கையில் சுண்டுவிரல் மட்டும் உள்பக்கம் கொக்கியாக மடங்கியிருந்தது. எத்தனையோ வருடம் அந்த வழியாகப் போய்வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐரோப்பிய வெளிச்சம்தான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல அழகம்மா?"

"யாரு கேட்டாக?" என்றாள். பிறகு, "அப்பாவுக்குப் போட்டோ ஒண்ணுகூட எடுக்கல மேடம். பாக்கணும்னா எனக்கு அந்தக் கைதான்" என்றாள். மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அதன் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் அந்த நாற்காலி இருக்கும் முதல்வர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வாரமே நிறுவனரின் பேரன் சென்னையிலிருந்து வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படத்தைத் தன் சொந்தச் செலவில் சென்னைக்குக் கொண்டுபோய், அழுக்கு நீக்கிப் புதிதாக்கிக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வண்டியும் வாசலில் நின்றது. படத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர், கையருகே வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"எங்க ஐயா விரல் இப்படி இருக்காது. வரைஞ்சவன் தப்புப் பண்ணியிருக்கான். அதையும் சரி பண்ணிடச் சொல்றேன்."

துடைப்பத்தோடு தூண் ஓரமாக நின்ற அழகம்மாளை நான் பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்வர் தரையைப் பார்த்தார். பேரனிடம் விரலைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று ஆளாளுக்குத் தயங்கினோம்.

ராத்தா நோட்டோடு வந்தார். "கேட் பாஸ் இல்லாம சாமான் வெளிய போகாது சார். இது ஸ்டாக்லயே இல்லாம இருந்துச்சு. இன்னைக்குத்தான் ஏத்துனேன். போகும்போது எப்படிப் போகுதோ அப்படித்தான் திரும்பி வரணும். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

பேரன் வாங்கிச் சத்தமாகவே படித்தார். நிறுவனர் படம் ஒன்று. எண்ணெய் வண்ணம். தேக்குச் சட்டம், கீழ்மூலையில் விரிசல். நாற்காலிக் காலில் வெள்ளை எண் 14. இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியது.

"அதைத்தாம்மா சரி பண்ணப் போறோம்."

"சரி பண்ணுனா அது வேற சாமான் சார். நான் உள்ள எடுக்க முடியாது."

"எங்க ஐயா படம்மா இது."

"மொகம் ஒங்க ஐயாவோடது. யாரு இல்லைன்னா?"

"அப்ப கை?"

"நீங்கதானே சார் இப்ப சொன்னீங்க, ஒங்க ஐயா வெரலு இப்படி இருக்காதுன்னு."

பேரன் ராத்தாவைப் பார்த்தார், கேட் பாஸைப் பார்த்தார், பிறகு முதல்வரைப் பார்த்தார். முதல்வர் வேறு வழியில்லாமல் நாற்காலிக் கதையையும் கருப்பையா கதையையும் சொல்லி முடித்தார். பேரன் படத்துக்குக் கிட்டே போய் அந்தக் கையை மறுபடி பார்த்தார். கடைசியில் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் படம் திரும்பி வந்தது. ராத்தா கேட் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். சட்டம், விரிசல், பதினான்கு எல்லாம் இருந்தன. கடைசி வரிக்கு வந்ததும் தான் பார்க்காமல், "அழகம்மா, நீ பாத்துச் சொல்லு" என்றார். அழகம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். ராத்தா டிக் போட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மலரில் நான் ரங்கூனை எடுத்துவிட்டேன். வெள்ளைக்காரரையும் எடுத்துவிட்டேன். கல்லூரி திறந்த பிறகு புதுக்கோட்டையைச் சேர்ந்த பெயர் தெரியாத ஓவியர் வரைந்தது என்று எழுதினேன். ஆனால், "கையைப் பத்தி மட்டும் வேணாம் மேடம், குடும்பத்துக்குச் சங்கடம்" என்று முதல்வர் சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ராத்தா மலரை வாங்கினார், கவிழ்த்து அச்சகத்தின் பெயரைப் பார்த்தார், என் பக்கத்தைப் படித்தார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "முன்னாடி எழுதுறது ஒங்க வேலை மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் என்ன நினைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதே வருடம் ராத்தா ஓய்வு பெற்றார். மூன்று வருடம் முன்பு கோட்டைப்பட்டினத்தில் காலமானார். நான் போயிருந்தேன். அவர் கணவர் எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். குடித்து முடித்ததும் என்னையறியாமல் டம்ளரைக் கவிழ்த்தேன். அடியில் ராத்தாவின் பெயர் இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்த வருட நிறுவனர் தினத்துக்குப் பழைய ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை. கூட்டம் கலைந்த பிறகு ஹாலுக்கு வந்தால் படத்துக்கு முன்னால் அழகம்மாள் நின்றிருந்தாள். வேலையை விட்டும் வருடந்தவறாமல் வருகிறாளாம்.

"மேடம், பின்னாடி பாத்தீங்களா?" என்றாள்.

அது ராத்தாவின் கேள்வி.

"என்ன அழகம்மா பின்னாடி?"

"ராத்தா ரிட்டயர் ஆகுற அன்னைக்கு எழுதி வச்சாக. நாந்தான் ஏணியப் பிடிச்சேன். ஒரு தடவ படிச்சும் காமிச்சாக. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல. இன்னொரு தடவ கேக்கணும் போல இருக்கு."

வாட்ச்மேனைக் கூப்பிட்டு மூவருமாகப் படத்தை இறக்கித் திருப்பினோம். பலகையின் நடுவில் வெள்ளை பெயின்டில் ஸ்டாக் எண். அதற்குக் கீழே ரிஜிஸ்டரில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"முகம், நிறுவனர். உடம்பும் கைகளும், முதல் வாட்ச்மேன் கருப்பையா. நாற்காலி, எண் 14. வரைந்தவர், போர்டு எழுதிய புதுக்கோட்டைக்காரர். சாட்சி, மகள் அழகம்மாள். சரிபார்த்தேன்."

கீழே ராத்தாவின் கையெழுத்து.

அழகம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். அப்பா பெயர் வந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தாள்.

"போதும் மேடம். திருப்பி மாட்டிருவோம். அப்பா ரொம்ப நேரமாச் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்காக."